எதிரே இருப்பவர் சிறுத்துப் போகாமல்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அரிய நெல்லிக்கனி ஒன்று கிடைத்தது. உண்டவர் நெடுநாள் வாழ்வார் என்பது அதன் சிறப்பு. அதைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. ஆனால் அவன் அதைக் கொடுத்த விதத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கனியின் சிறப்பை அவன் ஔவையிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார். வாங்கியிருந்தாலும் அது தொண்டையில் இறங்கியிருக்காது. அவர் உண்டு முடிக்கும்வரை அரசன் தன் தியாகத்தை மறைத்துக்கொண்டான்.

இதே அதியமானிடம் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் குன்றும் மலையும் கடந்து பரிசில் நாடி வந்தார். அரசன் அவரை நேரில் பார்க்கவில்லை. இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் மறுத்துவிட்டார். முகம் பார்க்காமல் தருவதை வாங்கிப்போக நான் வணிகன் இல்லை, என் தகுதியை அறிந்து விரும்பித் தந்தால் தினையளவு போதும் என்று பாடிவிட்டுப் போனார். இரண்டு செய்திகளும் புறநானூற்றில் இருக்கின்றன.

கொடை ஒன்றுதான், கொடுத்தவனும் ஒருவன்தான். ஒருவருக்கு அது அமுதமாக இருந்தது, இன்னொருவருக்கு அவமானமாகப் போனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. இங்கிதம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்து, பிறகு எப்போதும் கூடவே இருக்கிற குணமில்லை. அதியமானுக்கே ஒருநாள் தவறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு ஆளிடமும், புதிதாகச் செய்ய வேண்டிய வேலை அது: எதிரே இருப்பவர் நம் முன்னால் சிறுத்துப் போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. வேலை என்பதால்தான் செய்ய வேண்டியவை, கூடாதவை என்று அதை எழுதிவைக்க முடிகிறது.

கொடுக்கும்போது

முகம் பார்த்துக் கொடுங்கள். தீபாவளிக்கு வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும், அடுக்குமாடிக் காவலாளிக்கும், குப்பை அள்ள வருகிறவருக்கும் பணம் கொடுக்கிறோம். கைபேசியில் பேசிக்கொண்டே, கதவு இடுக்கு வழியாக, பிள்ளையிடம் கொடுத்தனுப்பி எனப் பல விதமாக அது நடக்கிறது. அரை நிமிடம் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாச்சா என்று கேட்டுக் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கைமாற்று கேட்டு வருகிறவரை விசாரணை செய்யாதீர்கள். அவர் உங்கள் வாசலுக்கு வருவதற்கு முன் எத்தனை முறை தெருமுனையில் நின்று யோசித்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். கொடுக்கப் போகிறோமா இல்லையா என்பதை உடனே முடிவு செய்யுங்கள். கொடுப்பதாக இருந்தால் "போன மாசம் வாங்கினது என்ன ஆச்சு", "சீட்டு ஏதாச்சும் போட்டு வச்சிருக்கலாமே" என்பவை வேண்டாம். கொடுக்க முடியாது என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். "நாளைக்கு வாங்க, பார்க்கலாம்" என்று மூன்று நாள் அலையவிட்டுக் கைவிரிப்பதைவிடக் கொடுமை வேறில்லை. "இப்போ என்னால முடியலை, மன்னிச்சுக்குங்க" என்ற ஒரு வாக்கியத்தில் வந்தவரின் மானமும் அவருடைய நேரமும் தப்பிக்கும்.

வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் இன்றுவரை அடுப்பு அணையவில்லை. வந்து உட்காருகிறவரிடம் அங்கே சாதி, மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. பசி ஒன்றே அங்கே போதுமான தகுதி. சோறு போடுவதைப் போலவே, அந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடுவதையும் நான் பெரிய தருமமாக நினைக்கிறேன்.

வாங்குகிறவரைப் படம் எடுக்காதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தபோது, நிவாரணப் பொட்டலங்களில் படம் ஒட்டிக் கொடுத்தது ஊர் முழுக்கப் பேச்சானது. முழங்கால் தண்ணீரில் பொட்டலத்தோடு நிற்கிறவரின் முகம் அவருக்குச் சொந்தமானது. அது உங்கள் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸுக்கு உரியதில்லை. அதே வெள்ளத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டு, மாடியில் படுக்கவைத்துச் சோறு போட்டவர்களும் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குப் படம் எடுக்கத் தோன்றவே இல்லை.

பழைய துணியைக் கொடுப்பதானால் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள்.

செய்ததைச் சொல்லிக்காட்டாதீர்கள். பத்து வருடத்துக்கு முன் கட்டிய பள்ளிக் கட்டணத்தை ஒரு கோபத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அந்தக் கொடை அந்த நொடியில் கடனாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் அது சரியாவதில்லை.

வீட்டில் வேலை செய்பவருக்கென்று தனி டம்ளர் வைக்காதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறையைக் கண்டித்துக் கூட்டங்களும் போராட்டங்களும் நடந்த மாநிலத்தில், சமையலறை ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்து கிடக்கிறது. எத்தனை இனிமையாகப் பேசினாலும், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும், அந்த டம்ளர் அத்தனையையும் பொய்யாக்கிவிடும்.

பந்தியில்

சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள். கல்யாண மண்டபங்களில் இது இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது. ரசம் ஊற்றும்போதே பின்னால் ஒருவர் நாற்காலி முதுகில் கை வைத்து நிற்கிறார். உட்கார்ந்திருக்கும் பெரியவர் பாயசத்தை விட்டுவிட்டு, மோரையும் விட்டுவிட்டு, இலையை மூடி எழுந்துவிடுகிறார். அழைத்த வீட்டார் மனம் குளிரச் சாப்பிடட்டும் என்றுதானே அத்தனை செலவு செய்தார்கள்? கல்யாண வீட்டாருக்கு இதைத் தடுக்க ஒரு எளிய வழி உண்டு. பந்திக்கூடத்தின் வாசலில் பொறுப்பான இரண்டு பேரை நிறுத்தி, ஒரு பந்தி முடிந்து இலை எடுத்த பிறகே அடுத்த பந்தியை உள்ளே விடச் சொல்லுங்கள். காத்திருப்பவர்களுக்கு வெளியே நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, யாராவது பேசிக்கொண்டிருந்தால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

பக்கத்து இலைக்காரர் முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். முக்கியமாக அவர் வயதானவராக இருந்தால்.

வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிடுறீங்களா?" என்று கேட்காதீர்கள். பசியோடு வந்தவரும் "இல்லைங்க, இப்பத்தான் ஆச்சு" என்றுதான் சொல்வார். "தட்டு வச்சாச்சு, கை கழுவிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி முடிவெடுக்கும் சங்கடத்தை வந்தவர் தலையில் வைக்கிறது. இரண்டாவது அதை வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்கிறார்.

அதே சமயம், போதும் என்று இலைக்கு மேல் கையை மறைக்கிறவருக்கு விரல் இடுக்கில் சாம்பாரை ஊற்றுவது உபசாரமில்லை. சர்க்கரை நோய் உள்ளவரிடம் "ஒரு ஜிலேபியில என்ன ஆயிடப் போகுது" என்று வற்புறுத்தி, அவர் தன் நோயைப் பத்துப் பேர் முன்னால் விளக்கும்படி செய்யாதீர்கள்.

சில ஊர்களில் மொய்யை மைக்கில் வாசிக்கிறார்கள். மொய் என்பது ஒரு குடும்பத்தின் பெரிய செலவை உறவும் ஊரும் பங்கு போட்டுத் தாங்குகிற ஏற்பாடு. நோட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்வதில் ஒரு கண்ணியமும் இருக்கிறது. அந்த நோட்டே போதும். ஐநூறு எழுதியவர் அந்த வாரம் எதை விற்று அதைக் கொண்டுவந்தார் என்று மைக் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டு விசேஷத்தில் வாசிக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், அந்த ஊரில் அதற்கு ஒரு தொடக்கம் கிடைக்கும்.

கேள்வி கேட்கும்போது

தமிழ்நாட்டுப் பள்ளித் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடுவதை அரசு 2017-இல் நிறுத்தியது. அதற்கு முன்பு மே மாதம் என்றால் பத்திரிகைகளின் முதல் பக்கம் முழுக்க இனிப்பு ஊட்டும் படங்களாக இருக்கும். அதே காலையில் எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். அரசாங்கமே நிறுத்திவிட்ட ஒன்றை மாமாக்களும் அத்தைகளும் இன்னும் நிறுத்தவில்லை. ரிசல்ட் வந்த அன்று தொலைபேசியில் கூப்பிட்டு மார்க் கேட்காதீர்கள். சொல்ல விரும்புகிற பிள்ளை தானே கூப்பிட்டுச் சொல்லும்.

கல்யாணம் எப்போது, விசேஷம் ஏதும் உண்டா, சம்பளம் எவ்வளவு, ஏன் இப்படி இளைத்துவிட்டாய், மறுபடியும் வேலை மாறியாச்சா: இந்தக் கேள்விகள் எதற்கும் விடை தெரிந்து உங்களுக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. பதிலாக எதைக் கேட்கலாம்? இப்போது எதில் மும்முரமாக இருக்கிறாய் என்று கேளுங்கள். அவர் எதைச் சொல்ல விரும்புகிறாரோ அதைச் சொல்ல அந்தக் கேள்வி இடம் கொடுக்கும்.

நோயிலும் துக்கத்திலும்

ஆஸ்பத்திரிக்குப் போனால் சீக்கிரம் கிளம்புங்கள். படுத்திருப்பவர் உங்களுக்காக எழுந்து உட்கார்ந்திருக்கிறார், உங்களுக்காகச் சிரிக்கிறார். இரண்டும் அவருக்கு வலிக்கும். "எங்க பெரியப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசம்" என்று தொடங்கும் எந்தக் கதையும் வேண்டாம். வாசலில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கும் மனைவியை "போய்க் குளிச்சுட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தால், ஒரு கிலோ ஆப்பிளைவிட அது பயன்படும்.

துக்க வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். என்ன பேசுவதென்று தெரியவில்லை என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். அங்கே பேச வேண்டியதே இல்லை. நம் ஊர்களில் கையைப் பிடித்துவிட்டு ஓரமாக உட்கார்வதற்கும், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதற்கும் முன்னோர் வழக்கம் வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கத்தின் அருமை அந்த நேரத்தில்தான் புரியும். யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"எப்படி ஆச்சு?" என்று கேட்காதீர்கள். காலையிலிருந்து அந்த வீட்டுப் பெண் அதை முப்பது பேருக்குச் சொல்லியிருப்பார். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் தெருவில் நிற்கிற உறவினரைக் கேளுங்கள். "அவருக்கு இது விடுதலைதான்", "நல்ல சாவு", "இன்னும் சீக்கிரம் காட்டியிருக்கலாம்" ஆகிய மூன்றும் ஆறுதல் போலத் தோன்றும். மூன்றாவது, ஆயுளுக்கும் மறக்காத குற்றச்சாட்டாகத் தங்கிவிடும்.

செய்வதற்கு அங்கே நிறைய இருக்கிறது. தண்ணீர் கேன், நாற்காலி, குழந்தைகளுக்கு இட்லி, வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து கூட்டிவருவது, இறப்புச் சான்றிதழுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரம். கேட்காமல் செய்யுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொன்னால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு ஒருமுறை போங்கள். அதுவரை கூட்டம் இருந்த வீடு அது. அதற்குப் பிறகு அங்கே யாரும் வருவதில்லை. அன்று போய், போனவரைப் பற்றிப் பேசுங்கள். அவர் பெயரை எடுக்கவே எல்லோரும் தயங்குகிற நாட்களில், நீங்கள் அவர் சொன்ன ஒரு கதையைச் சொன்னால் அந்த வீட்டார் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

கணவனை இழந்த பெண்ணை அடுத்து வரும் சுப காரியத்தில் ஒதுக்காதீர்கள். மஞ்சள் குங்குமத் தட்டு வரிசையாக வந்து, அவர் முன்னால் மட்டும் நிற்காமல் தாண்டிப் போகிறது. தட்டைத் தூக்கி வருகிறவரும் நல்லவர்தான், வழக்கம் என்று சொல்வார். இங்கே வழக்கத்தை மீறுவதே பண்பு. உங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் அவரை முன்வரிசைக்கு அழைத்து வந்து, தட்டை அவரிடமே முதலில் நீட்டுங்கள். யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

மேலே இருக்கும்போது

இந்தியாவின் எஸ்.எல்.வி-3 ஏவுகலம் 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்களை எதிர்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்வியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். 1980 ஜூலை 18-ஆம் தேதி அடுத்த ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் கலாமை உட்காரவைத்துப் பேசச் சொன்னார் தவான். குடியரசுத் தலைவரான பிறகும் கலாம் இதை மேடைமேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் அலுவலகங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தவறு நடந்தால் மின்னஞ்சலில் பத்துப் பேருக்கு நகல் போகிறது. நன்றாக நடந்தால் மேலதிகாரி மாலை வாங்கிக்கொள்கிறார். கண்டிப்பதைத் தனியறையில் செய்யுங்கள். பாராட்டைக் கூட்டத்தில் சொல்லுங்கள், செய்தவரின் பெயரோடு.

தெரியாமல் செய்த தவறுக்குத் தண்டிக்காதீர்கள். மோசிகீரனார் என்ற புலவர் நடந்து வந்த களைப்பில், வெறுமையாகக் கிடந்த முரசு கட்டிலில் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். முரசுக்கு உரிய புனிதமான கட்டில் அது. ஏறியவரை வாளால் வெட்டுவது முறை. அதியமானின் தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறை அதைப் பார்த்தான். வெட்டவில்லை. எழுப்பிவிட்டு மன்னித்திருந்தாலே பெரிய செயல்தான். அவன் விசிறியை எடுத்து, அவர் விழிக்கும்வரை நின்று வீசினான். போர்க்களத்தில் அந்தச் சேரன் என்னென்ன செய்தானோ, என் நினைவில் அவன் விசிறியோடுதான் நிற்கிறான்.

வெல்லும்போதும் தோற்கும்போதும்

1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணி இந்தியாவுக்கு வந்தபோது, எதிர்ப்புத் தெரிவிக்கிறோம் என்று டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தையே தோண்டிப்போட்டார்கள். முதல் டெஸ்ட் சேப்பாக்கத்தில் நடந்தது. 271 ஓட்டம் இலக்கு. 82 ஓட்டத்துக்கு ஐந்து விக்கெட் போன பிறகு, முதுகு வலியோடு சச்சின் 136 எடுத்தார். அவர் ஆட்டமிழந்ததும் மீதி விக்கெட்டுகள் சரிந்தன. இந்தியா 12 ஓட்டத்தில் தோற்றது. அரங்கம் சிறிது நேரம் உறைந்து போனது. பிறகு மக்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். வசீம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றது. அங்கே எழுந்து நின்றவர்களில் பலர் கண்ணில் நீரோடு நின்றார்கள். தோற்ற வருத்தத்தை அவர்கள் மறைக்கவில்லை; அதை வைத்துக்கொண்டே எதிரியின் ஆட்டத்தை மதித்தார்கள்.

தோற்றால் வென்றவரின் கையை முதலில் நீங்கள் பிடியுங்கள். நடுவர், மழை, அதிர்ஷ்டம் என்று அன்றைக்குப் பேசாதீர்கள். வென்றால், தோற்றவர் நன்றாகச் செய்த ஏதாவது ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "நீங்களும் நல்லா ஆடினீங்க" என்ற பொதுவான பாராட்டு போதாது. உற்றுப் பார்த்தவர் சொல்லக்கூடிய ஒன்றாக அது இருக்கட்டும்.

உங்களுக்கு உரிய பெருமை இன்னொருவருக்கும் போகும்போது என்ன செய்வது? இதுதான் இருப்பதிலேயே கடினம். மலாய்த் தீவுகளில் பூச்சி பறவை சேகரித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், இயற்கைத் தேர்வு பற்றிய தன் கட்டுரையை 1858-இல் டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் அதே கருத்தில் இருபது ஆண்டுகளாக உழைத்து வந்தவர். இருவர் எழுத்தும் அந்த ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னேயச் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. தொலைவில் இருந்த வாலஸை யாரும் கேட்கவில்லை. புகழ் பெரும்பாலும் டார்வினுக்கே போனது. வாலஸ் மனம் கசக்கவில்லை. 1889-இல் அந்தக் கொள்கையை விளக்கி எழுதிய நூலுக்கு அவர் வைத்த பெயர் 'டார்வினிசம்'. டார்வினும் சும்மா இருந்துவிடவில்லை. வாலஸ் பணத்துக்குச் சிரமப்பட்டபோது அரசிடம் எடுத்துச் சொல்லி, 1881-இல் ஆண்டுக்கு 200 பவுண்டு ஓய்வூதியம் கிடைக்க முன்னின்று உழைத்தார்.

வாங்கும்போது

கொடுப்பதில் இங்கிதம் உள்ளவர்கள் பலர் வாங்குவதில் முரடாக இருக்கிறார்கள். ஆசையோடு கொண்டுவந்த சேலையைப் பார்த்ததும் "எதுக்கு இந்த வீண் செலவு", "இந்தக் கலர் என்கிட்ட இருக்கே" என்கிறார்கள். பணிவு என்று நினைத்துச் சொல்வது, கொண்டுவந்தவர் கையைத் தட்டிவிடுவதில் முடிகிறது. பிரித்துப் பாருங்கள், அவர் முன்னாலேயே. நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது உடுத்தியிருங்கள்.

பாராட்டினால் "நன்றி" என்று சொல்லி நிறுத்துங்கள். மறுத்து வாதாடினால் பாராட்டியவரின் ரசனையைக் குறை சொன்னதாக ஆகிவிடும்.

மன்னிப்பு கேட்கிறவரை முழுக்கச் சொல்லவிடுங்கள். பிறகு "சரி, விடுங்க" என்று சொன்னால் உண்மையிலேயே விட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து வேறொரு சண்டையில் அதை வெளியே எடுக்காதீர்கள்.

நீங்கள் உதவி செய்தவர், உங்களுக்கு எதையாவது செய்ய இடம் கொடுங்கள். பிள்ளைக்குக் கட்டணம் கட்டினீர்கள் என்பதற்காக ஊரிலிருந்து பை நிறைய முருங்கைக்காயும் நிலக்கடலையும் கொண்டுவருவார். "இதெல்லாம் எதுக்குத் தூக்கிக்கிட்டு வர்றீங்க" என்று தடுக்காதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்கே சமைத்து அவரையும் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். அவர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். ஒரே அறையாக இருக்கும், பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போடுவார்கள், உங்களுக்காகக் கடையில் போய்க் குளிர்பானம் வாங்கி வருவார்கள். மறுக்காமல் குடியுங்கள். ஊற்றியதை மிச்சம் வைக்காதீர்கள். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் இருப்பது யார் என்று கேளுங்கள். வேலை இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் எழுந்துவிடாமல், இன்னொரு வாய் சாப்பிடச் சொன்னால் அதையும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.